கழற்றக்கூடிய பேட்டரியின் காலம்

சிற்றூர்ச் செல்போன் கடைகளில், டெம்பர்டு கிளாஸ் கட்டுகளுக்கும் சார்ஜர் ஒயர்களுக்கும் நடுவே, தீப்பெட்டியின் நீள அகலமும் அதில் பாதிக் கனமும் கொண்ட பேட்டரி ஒன்று இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது. பிஎல்-5சி என்பது அதன் பெயர். நோக்கியா நிறுவனம் தன் கைபேசிகளுக்கென வடிவமைத்த அதனை இப்போது வாங்குவோரில் பலர் கையடக்க எஃப்எம் ரேடியோவுக்கோ சிறு ஸ்பீக்கருக்கோ வாங்கிச் செல்கின்றனர். ஆனால் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தால், பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்ததும், மழையில் நனைந்த போனைப் பிரித்துப் பேட்டரியைத் தனியே துடைத்து வைத்ததும், சிம் கார்டு மாற்றுவதற்காகப் பேருந்து இருக்கையில் எல்லாவற்றையும் மடியில் பரப்பிக்கொண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்துவிடும். அந்த நினைவுகளைச் சேர்த்துப் பார்க்கையில், ஒன்றோடொன்று போட்டியிட்ட தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் பயனர்களை எவ்வாறு நடத்தின என்பதன் வரலாறும் அவற்றினூடே தென்படுகிறது. விற்கும் நாளில் எல்லா நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே இன்முகத்தைத்தான் காட்டுகின்றன. விற்ற பொருள் பழுதாகும்போதும் பழையதாகும்போதும் அவை எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதே அவற்றை வேறுபடுத்திக் காட்டுகிறது. கைபேசியில் முதலில் பழையதாகும் உறுப்பு பேட்டரி என்பதால், அந்த வேறுபாட்டை அறிவதற்கு அதைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

நோக்கியா 1100 என்ற கைபேசி 2003-இல் சந்தைக்கு வந்தது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான அக்கருவிக்குத் தூசு புகாத விசைப்பலகையும் உச்சியில் ஒரு டார்ச் விளக்கும் இருந்தன; மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் அந்த விளக்கு சமையலறைக்கும் மாடிப்படிக்கும் வயல் வரப்புக்கும் பயன்பட்டதை அறியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. அதற்குள் இருந்தது பிஎல்-5சி. அதே பேட்டரியே 1110, 1600 போன்ற எளிய மாதிரிகளிலும், விலை மிகுந்த 6600 என்ற மாதிரியிலும் பொருந்தியது. இதன் விளைவாக, வாங்கும் வசதியில் வேறுபட்டவர்களிடையே பேட்டரி ஒரு பொதுப்பொருளாக மாறியது. விடுதி அறைகளில், “பேட்டரி குடு மாப்ள, ஒரே ஒரு போன் பண்ணிட்டுத் தரேன்” என்ற வேண்டுகோள் அன்றாடம் கேட்ட ஒன்று. போனில் இருந்து பேட்டரியை மட்டும் கழற்றி, கிளிப் போன்ற ஒரு சிறு கருவியில் மாட்டிச் சுவரில் சொருகிச் சார்ஜ் ஏற்றும் வழக்கமும் அக்காலத்தது. அக்கருவியின் சிவப்பும் பச்சையுமான விளக்குகள் தேநீர்க் கடைகளின் மூலையில் மின்னிக்கொண்டிருக்கும்.

பழுது நீக்கும் கடைகளில் அந்நாளில் நடந்த ஒரு சோதனை இங்கே குறிப்பிடத்தக்கது. லித்தியம்-அயனி வகைப் பேட்டரியில் லித்தியம் அயனிகள் இரண்டு மின்முனைகளுக்கு இடையே போவதும் வருவதுமாக இருப்பதாலேயே மின்னாற்றல் சேமிக்கப்படுகிறது. காலப்போக்கில் உள்ளே உள்ள வேதிப்பொருள்கள் சிதைந்து வாயு உண்டாகும்போது பேட்டரி உப்பிவிடுகிறது. இந்த வேதியியலை ஏட்டில் படித்திராத கடைக்காரர், அதன் விளைவைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். “அண்ணே, சார்ஜ் நிக்க மாட்டேங்குது” என்று ஒருவர் போனை நீட்டினால், அவர் பேட்டரியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் கிடத்தி, ஒரு முனையை விரலால் சுண்டிவிடுவார். நல்ல பேட்டரி மேசையோடு ஒட்டி உடனே நின்றுவிடும். உப்பிய பேட்டரி, நடுப்பகுதி மட்டும் மேசையைத் தொடுவதால், சுழன்றுகொண்டே இருக்கும். “பாருங்க, சுத்துது. இது போயிடுச்சு” என்பார் கடைக்காரர். அந்த ஒரு சுழற்சியில் பழுது எது, செலவு எவ்வளவு, அடுத்துச் செய்யவேண்டியது என்ன என்பவை போனின் உரிமையாளருக்கு அவர் கண்ணெதிரிலேயே விளங்கிவிடும். பொருளின் நிலையைத் தானே கண்டு, தானே முடிவெடுக்கும் வாய்ப்பு பயனருக்கு இருந்தது என்பதே அக்காட்சியின் உட்பொருள்.

இவ்வாறு திறந்திருந்த அமைப்பில் ஆபத்தும் இருந்தது. போலிப் பேட்டரிகள் பெருகின. சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் “ஒரிஜினலா, டூப்ளிகேட்டா” என்ற கேள்வியைக் கேட்காமல் எதையும் வாங்க இயலாத நிலை உருவானது. நோக்கியா இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, சோதிக்கும் வழியைப் பயனருக்கே கற்றுத்தருவதாக இருந்தது. பேட்டரியின்மேல் ஹாலோகிராம் எனப்படும், பார்க்கும் கோணத்துக்கேற்ப உருமாறும் ஒளிப்பட வில்லை ஒட்டப்பட்டிருந்தது. ஒரு கோணத்தில் பார்த்தால் நீளும் இரு கைகளும், மறுகோணத்தில் பார்த்தால் நிறுவனத்தின் அசல் துணைக்கருவிகளுக்கான முத்திரையும் தெரியும். வில்லையை நான்கு பக்கமும் சாய்த்தால், பக்கத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கையில் புள்ளிகள் தோன்றும். போனோடு வந்த கையேட்டில் இம்முறை படத்துடன் விளக்கப்பட்டிருந்தது. அக்கையேட்டை எத்தனை பேர் படித்தனர் என்பது வேறு செய்தி. அசலையும் போலியையும் பிரித்தறியும் திறமை பயனருக்கு உண்டு என்று ஒரு நிறுவனம் நம்பியது என்பது இங்கே கருதத்தக்கது.

அந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளான ஆண்டு 2007. அவ்வாண்டு ஆகஸ்ட் 14 அன்று, ஜப்பானின் மத்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்தளித்த பிஎல்-5சி பேட்டரிகளில் சில, சார்ஜ் ஏறும்போது உட்புற மின்குறுக்கால் மிகையாகச் சூடாகக்கூடும் என்று நோக்கியா உலகெங்கும் அறிவித்தது. அத்தகைய பேட்டரிகளின் எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம்; அதுவரை தெரிய வந்திருந்த நிகழ்வுகளோ ஏறத்தாழ நூறு. பேட்டரியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த 26 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியைச் சரிபார்த்து, அது பழுதுள்ள வரிசையைச் சேர்ந்ததாயின் விலையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் கூறியது.

அச்செய்தி தமிழ்நாட்டில் முதலில் அச்சமாகவே பரவியது. போன் வெடிக்கும் என்ற வதந்தி தொலைக்காட்சிச் செய்திகளுக்கு முன்னால் ஓடியது. அழைப்பு வந்தபோது காதில் வைக்கத் தயங்கியவர்களும், இரவில் தலையணை அருகே வைக்காமல் திண்ணையில் வைத்தவர்களும் உண்டு. ஆனால் அடுத்த சில நாள்களில் அந்த அச்சம் ஒருவகைக் கூட்டு வேலையாக மாறியதை அக்காலத்தவர் நினைவுகூர்வர். அலுவலக மேசைகளிலும் டீக்கடைப் பலகைகளிலும் பேட்டரிகள் குப்புறக் கிடந்தன. பொடி எழுத்து தெரியாத முதியவருக்குப் பேரன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொல்ல, மற்றொருவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். இணைய மையம் நடத்தியவர், வந்தவர்களின் எண்களை நிறுவனத்தின் இணையதளத்தில் வரிசையாக இட்டுப் பார்த்து, “உங்களுது நல்ல பேட்டரிதான்யா, தைரியமா வச்சுக்கங்க” என்று அனுப்பினார். நிறுவனம் தயாரித்த பொருளில் குறை இருந்தது உண்மை. ஆயினும் குறையை அதுவே முன்வந்து சொன்னது, எப்பேட்டரி பழுதுள்ளது என்பதைக் கண்டறியும் வழியைத் தந்தது, மாற்றுப் பேட்டரியை வாங்கித் தம் கையாலேயே பொருத்திக்கொள்ளப் பயனரால் முடிந்தது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்ததால்தான் அவ்வளவு பெரிய பழுது ஒரு பேரிடராகாமல் கடந்துபோயிற்று.

நோக்கியாவைப் பழுதற்ற நிறுவனமாகக் கொள்வதும் பொருந்தாது. தடித்த பின் கொண்ட சார்ஜரிலிருந்து மெல்லிய பின் கொண்டதற்கு அது மாறியபோது வீட்டுக்கு வீடு பழைய சார்ஜர்கள் பயனிழந்தன, சோனி எரிக்சன், சாம்சங், மோட்டோரோலா ஆகிய போட்டி நிறுவனங்களோ ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு பின் வைத்திருந்தமையால், விருந்தினர் வந்தால் “உங்களுது எந்தப் பின்?” என்று கேட்பது உபசரிப்பின் பகுதியாகவே ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைத் தந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டபோது அவர்கள் வாழ்க்கையைக் கலைத்துப் போட்டதும் மறக்கத்தக்கதன்று. சந்தையின் போக்கை உணர்ந்து மென்பொருளைக் காலத்தே புதுப்பிக்கத் தவறியதும் அதே நிறுவனம்தான். பயனரை மதித்த ஒரு நற்பண்பைச் சுட்டுவதற்கு மற்றக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை.

நோக்கியா தன் பேட்டரிகளைத் திரும்பப் பெற்ற அதே 2007-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கு அது அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் பழக்கத்தால் அதன் முதுகைத் தடவிப் பின்மூடியின் விளிம்பைத் தேடினர், விளிம்பே இல்லை. பேட்டரி உள்ளேயே மூடி வைக்கப்பட்டிருந்தது. மெலிதான உடல், உறுதியான கட்டமைப்பு, பெரிய பேட்டரிக்கு இடம் என்று இம்முடிவுக்குத் தக்க காரணங்கள் கூறப்பட்டன. அவற்றில் உண்மையும் இருந்தது. ஆனால் ஐபோன் 4 வந்த பின்னர், உலகின் பெரும்பாலான கடைகளில் இருந்த திருப்புளிகளால் திறக்க முடியாத, ஐந்து இதழ் கொண்ட தலையுடைய திருகாணிகளை ஆப்பிள் பயன்படுத்தத் தொடங்கியபோது, மெலிவு என்ற காரணம் அதற்குப் பொருந்தவில்லை. உறுப்பு இணைப்பு எனப்படும் முறை பின்னர் வந்தது: பேட்டரியில் உள்ள ஒரு சில்லு குறிப்பிட்ட அந்தக் கைபேசியோடு மென்பொருளால் பிணைக்கப்பட்டிருக்கும், வெளிக்கடையில் மாற்றினால், மாற்றிய பேட்டரி மற்றோர் ஐபோனிலிருந்து எடுத்த அசலாகவே இருந்தாலும், அதன் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய இயலவில்லை என்ற எச்சரிக்கை அந்நாளில் திரையில் தோன்றியது. ஹாலோகிராம் வில்லையைச் சாய்த்துப் பயனரே செய்த சோதனையை இப்போது நிறுவனமே தன் கையில் எடுத்துக்கொண்டு, தீர்ப்பை மட்டும் அறிவித்தது.

இப்போக்கின் விளைவு 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. பழைய ஐபோன்கள் மெதுவாகிவிட்டன என்ற குறை நெடுநாளாகப் பேசப்பட்டு வந்தது. புதியதை வாங்கவைக்கச் செய்யும் தந்திரம் என்று சிலரும், வெறும் மனமயக்கம் என்று சிலரும் அதற்கு விளக்கம் கூறினர். கைபேசிகளின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், சேர்த்துவைத்திருந்த அளவீடுகளை ஆராய்ந்து, குறிப்பிட்ட மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகே சில மாதிரிகளின் வேகம் குறைந்தது என்று காட்டினார். இரண்டு நாள்களில் ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டது. மூப்படைந்த பேட்டரியின் உள்மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அதற்குள்ளேயே ஏற்படும் எதிர்ப்பு, கூடுவதால், கைபேசியை இயக்கும் சில்லு ஒரே நொடியில் மிகுந்த மின்சாரத்தைக் கேட்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் சட்டென்று அணைந்துவிடுகிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே சில்லின் வேகத்தை மென்பொருள் மட்டுப்படுத்தியது என்று நிறுவனம் விளக்கியது.

பொறியியல் நோக்கில் இது நேர்மையான தீர்வு. அணைந்துபோகும் போனைவிட மெதுவான போன் மேல் என்று பயனரும் ஒப்புக்கொண்டிருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதே குறை. போன் மெதுவாகிவிட்டது, இனிப் புதியது வாங்க வேண்டியதுதான் என்று எண்ணியவர்களுக்கு, ஒரு பேட்டரியை மாற்றினால் போதும் என்ற செய்தி எட்டாமலே போயிற்று. மேசைமேல் சுழலும் பேட்டரியைக் காட்டி நொடியில் உண்மையைச் சொன்ன தெருமுனைக் கடைக்காரர் செய்ததை, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று செய்யத் தவறியது. எதிர்ப்பு வலுத்த பின்னர் ஆப்பிள் அவ்வாண்டு இறுதியில் மன்னிப்புக் கோரியது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை ஓராண்டுக்கு 29 டாலராகவும், இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்ததை வரி நீங்கலாக 2,000 ரூபாயாகவும் குறைத்தது. பேட்டரியின் நிலையைப் பயனரே காணும் பகுதியை 2018-இல் மென்பொருளில் சேர்த்தது. பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்ததற்குக் கூறிய காரணமும், பயனருக்குத் தெரிவிக்கவில்லை என்பதுதான்.

சாம்சங்கின் வரலாறு வேறு வகையினது. அதன் கேலக்ஸி நோட் 7 கைபேசி 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே பல இடங்களில் தீப்பிடித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் 25 லட்சம் கைபேசிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து மாற்றுக் கைபேசி தந்தது. அவையும் தீப்பிடிக்கவே, அக்டோபரில் அந்த மாதிரியின் உற்பத்தியையே நிறுத்தியது. விமானங்களில் அந்தக் கைபேசியின் பெயரைச் சொல்லி எச்சரித்த அறிவிப்பை அக்காலத்துப் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மாதங்களில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்திறங்கிய விமானம் ஒன்றில் அந்நிறுவனத்தின் பழைய மாதிரி ஒன்றிலிருந்து புகை கிளம்பியதும் செய்தியானது. பிஎல்-5சி போலப் பேட்டரியை மட்டும் கழற்றி மாற்ற முடியாதபடி நோட் 7 மூடப்பட்டிருந்ததால், ஓர் உறுப்பின் பழுதுக்காக முழுக் கருவியும் திரும்ப வேண்டியதாயிற்று. எனினும் சாம்சங் அதன்பின் செய்தது பாராட்டுக்குரியது. இரண்டு லட்சம் கைபேசிகளையும் 30 ஆயிரம் பேட்டரிகளையும் சோதித்து, பேட்டரி தயாரித்தளித்த இரு நிறுவனங்களில் முதல் நிறுவனத்தின் பேட்டரியில் மின்முனையின் மூலை வளைந்திருந்தது என்றும், இரண்டாம் நிறுவனத்தின் பேட்டரியில் பற்றவைப்பில் எழுந்த முனைகள் நடுத்தடுப்பைத் துளைத்தன என்றும் 2017 ஜனவரியில் பொதுவெளியில் விளக்கியது. திரும்பி வராத கைபேசிகள் சார்ஜ் ஏறாதவாறு மென்பொருள் அனுப்பியபோதும், முன்கூட்டியே அறிவித்தது. தொலைவிலிருந்து ஒருவரின் போனை மாற்றியமைக்கும் அதிகாரம் ஆப்பிள், சாம்சங் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் ஒன்றே. அதைச் சொல்லிச் செய்ததும் சொல்லாமல் செய்ததுமே அவற்றைப் பிரித்தது.

இந்த ஒப்பீட்டைக் கொண்டு ஒரு நிறுவனத்தை நல்லதென்றும் மற்றொன்றைத் தீயதென்றும் முடிவு கட்டுவது பிழையாகும். இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல், பழைய கைபேசிகளை மந்தமாக்கும் புதுப்பிப்புகளுக்குப் பயனரைத் தூண்டியதற்காக ஆப்பிள், சாம்சங் இரண்டுக்குமே அபராதம் விதித்தது. மறுபுறம், 2013-இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் மாதிரிக்கு 2023 ஜனவரியிலும் ஆப்பிள் பாதுகாப்புப் புதுப்பிப்பு அனுப்பியது; அக்காலத்து ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றை அவற்றின் நிறுவனங்கள் இரண்டே ஆண்டுகளில் கைவிட்டிருந்தன. பேட்டரியைக் கழற்ற முடிந்த அக்கைபேசிகளின் உடல் நன்றாக இருக்க, வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக அவற்றில் இயங்க மறுத்து, கடைசியில் அவை பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாயின. கூகுள் 2023-இலும் சாம்சங் 2024-இலும் தம் உயர்விலை மாதிரிகளுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு என்று உறுதியளித்ததற்கு, அந்தக் குறையைப் பயனர்கள் ஓயாமல் எடுத்துக்கூறியதும் ஒரு காரணம்.

நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம், பயனரே பிரித்துப் பேட்டரியையும் திரையையும் மாற்றத்தக்க கைபேசியை 2015-இல் கொண்டுவந்து, புதிய தொழில்நுட்பமும் திறக்கக்கூடிய உடலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று மெய்ப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுப் பேட்டரிச் சட்டத்தின்படி, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைப்பது, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாகிறது. இந்தியாவிலும் 2022-இல் நுகர்வோர் நலத்துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழுவொன்றை அமைத்து, நிறுவனங்களின் கையேடுகளையும் உதிரிபாக விவரங்களையும் ஓரிடத்தில் தரும் இணையவாயிலைத் தொடங்கியது; அது சட்டமாக வலுப்பெறுவதே இனி வேண்டுவது. போனுக்குக் கடன் தவணை கட்டுவோர் நிறைந்த நாட்டில், இரண்டாயிரம் ரூபாயில் முடியும் பழுதுக்காக இருபதாயிரம் செலவழிக்க நேர்வது சிறிய செய்தியன்று.

கழற்றக்கூடிய மூடியையும் எளிய திருகாணியையும் உதிரிபாகத்தையும் சட்டத்தால் பெற்றுவிடலாம். பழுதைப் பிறர் கண்டுபிடிக்கும் முன் தானே சொல்வதும், சொன்னதைப் பொடி எழுத்து தெரியாத முதியவருக்கும் எட்டுமாறு சொல்வதும், முடிவை அவரிடமே விடுவதும் நிறுவனத்தின் மனத்திலிருந்து வரவேண்டியவை. புதிய கைபேசி வாங்க நிற்பவர், கேமராவின் மெகாபிக்சலையும் திரையின் பளபளப்பையும் விசாரிப்பதோடு, மூன்றாண்டு கழித்து இதன் பேட்டரியை எங்கே, என்ன விலைக்கு, யார் மாற்றித் தருவார் என்றும் கேட்கலாம். கடை கடையாக அக்கேள்வி எழும்போது, அதற்கு விடை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே விற்பனை என்ற நிலை உருவாகும். பயனரை மதிப்பது வணிகத்துக்கும் நல்லது என்பதைப் போட்டி நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள அதைவிட விரைவான வழி இல்லை.